முன்சக்கரமும் இழுக்க வேண்டுமா?

குமரி மாவட்டத்துக் கடையாலுமூட்டுக்கு மேலே, தார்ச்சாலையை விட்டு விலகி எங்கள் மேல் விளைக்கு, அதாவது மேலே இருக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கு, ஏறுகிற மண்பாதையில் மூன்றாவது வளைவு என்று ஒன்று இருக்கிறது. வெயில் காலத்தில் அது ஒரு வளைவு என்பதே நினைவில் நிற்காது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இரண்டு நாள் பெய்து முடித்தால், சரல் கழுவிப்போய் அடியில் இருக்கும் வழுக்கு மண் வெளியே வந்து, அந்த இடம் சோப்பு தேய்த்த அம்மிக்கல் போல ஆகிவிடும். போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு காலை, பின்தட்டில் மூன்று யூரியா மூட்டைகளோடு அந்த வளைவில் ஏறிய என் பிக்கப், பாதியில் நின்று, இடது பின்சக்கரத்தை மட்டும் சுழற்றிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வலது பின்சக்கரம் அசையவே இல்லை. கிளட்ச் தேயும் வாசனை வந்ததும் அணைத்துவிட்டு இறங்கினேன். பால் வெட்டும் அண்ணன் ரப்பர்க் கொப்புகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் விளைக்கும் மேலே இருக்கும் தோட்டத்துக்குப் போகிற பழைய ஜீப் ஒன்று பின்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. வளைவின் மேட்டுப்பக்கமாக ஒதுங்கி, முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் சின்ன லீவரைப் பின்னால் இழுத்து, நடக்கிற வேகத்தில் உறுமியபடி எங்களைத் தாண்டி ஏறி, மேலே நின்று கயிற்றை எறிந்தார்.

அந்தக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிய நிமிடத்தில்தான் எனக்கும் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு ஃபோர் வீல் வண்டி வேண்டும் என்ற ஆசை பிடித்தது. புது வண்டி வாங்கும் ஆசை இல்லை. என் வண்டியையே அப்படி மாற்ற வேண்டும் என்ற ஆசை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2005 மாடல் மஹிந்திரா பிக்கப், டிஐ எஞ்சின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும். டிஎன் 75, மஞ்சள் போர்டு. அப்பா வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன்பு எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை செய்ததால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று நம்புகிறேன். விற்கப் போனால் கிடைக்கும் விலையைக் கேட்டால் யாருக்கும் விற்க மனம் வராது. இதற்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மேல் விளையின் ரப்பரில் பாதியை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மறு வருடம் நட்ட கன்றுகள் ஏழு வருடம் கழித்து இப்போதுதான் வெட்டுக்கு வந்திருக்கின்றன. ஓரத்தில் ஒரு ஏக்கர் ஏத்தன் (நேந்திரன்) வாழையும் இருக்கிறது. மேலே ஏறி இறங்க வேண்டிய வேலை இனிக் கூடத்தான் போகிறது என்பது என் எண்ணம்.

மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். ஜீப் வேலையில் நாற்பது வருடம் கை பழகியவர். அவருடைய பட்டறையின் பின்புறம், பலா மரத்தடியில், உடைத்த ஜீப் ஒன்றிலிருந்து எடுத்த முன் ஆக்ஸில் கிடந்தது. இருபுறமும் ஹப், நடுவிலிருந்து ஒருபக்கம் தள்ளிப் பூசணிக்காய் போன்ற டிஃப்ரன்ஷியல் ஹவுசிங் (இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் பற்சக்கரங்களின் கூடு), மேலே பலாச்சருகு. அதைக் காட்டி, இதை என் வண்டியில் மாட்ட முடியுமா என்று கேட்டேன்.

"மாட்டலாம். மாட்ட முடியாதது எதுவும் கெடையாது. ஆனா முன்னால உள்ள காலும் சவிட்டணும்னா இத மட்டும் வெச்சாப் போராது, பாத்துக்கிடும்" என்றார். பிறகு, வாயால் விளக்குவதை விட்டுவிட்டு, என் வண்டியின் முன்சக்கரங்களுக்குக் கல் அடைகொடுத்து, பின்பக்கம் ஜாக்கி வைத்து இடது சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கினார். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விடுவித்து. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்கட்டியால் ஒரு கோடு, சக்கரத்தில் ஒரு கோடு. பையன் ஒருவன் சக்கரத்தை மெல்லத் திருப்ப, மேஸ்திரி அடியில் படுத்துக்கொண்டு ஷாஃப்டின் கோடு கீழே வரும்போதெல்லாம் எண்ணினார். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்ற சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதனால் இரண்டு சுற்றுக்கு எண்ண வேண்டும். நாலு முழுச் சுற்றும், அதற்கு மேல் கால் சுற்றும், ஒரு விரற்கடையும். "நாலு புள்ளி ரெண்டு ஏழு. பதினொண்ணுக்கு நாப்பத்தேழு" என்றார் எழுந்து கையைத் துடைத்தபடி. ஷாஃப்டின் முனையில் இருக்கும் பினியனுக்குப் பதினொரு பல், கிரவுனுக்கு நாற்பத்தேழு. பலா மரத்தடியில் கிடந்த ஆக்ஸிலோ எட்டுக்கு முப்பத்தொன்பது, அதாவது 4.88.

எனக்கு அந்த எண்களின் பொருள் அங்கேயே விளங்கிவிட்டது. கியர்பாக்ஸின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். முன்னும் பின்னும் ஒரே டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து திருப்பப்படும்போது, பின்சக்கரம் நூறு சுற்று ஓடினால் முன்சக்கரம் எண்பத்தேழு அல்லது எண்பத்தெட்டுச் சுற்றுதான் ஓட முயலும். இரண்டும் ஒரே சேஸியில் பூட்டியிருப்பதால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி விட்டுக்கொடுக்கும், காய்ந்த இடத்தில் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் குரோஸோ பல்லோ உடைந்து விட்டுக்கொடுக்கும். ஆகவே முன் ஆக்ஸிலின் கிரவுன் பினியனை என் பின் ஆக்ஸிலின் விகிதத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது பின்பக்கத்தை முன்பக்கத்தின் விகிதத்துக்கு மாற்ற வேண்டும். பின்பக்கத்தை மாற்றினால் மார்த்தாண்டம் வரைக்கும் போகும் தார்ச்சாலையில் எஞ்சின் வீணாக அலறும்.

அதோடு முடியவில்லை. இருசக்கர இழுவை வண்டியின் கியர்பாக்ஸ் பின்னால் நீண்ட வாலோடு முடியும். அதன் ஷாஃப்ட் நேராகப் பின்பக்கம் போய்விடும். நான்கு சக்கர வண்டியின் கியர்பாக்ஸ் குட்டையாக முடிந்து, அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒட்டிக்கொள்ளும். எனவே கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாக சேஸில் தொங்கவிட்டு, இடையில் ஒரு குட்டை ஷாஃப்ட் செய்து போட வேண்டும். பழைய ஜீப்புகளில் வந்த டானா 18 வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் முன்னும் பின்னும் போகிற இரண்டு வழிகளும் எஞ்சினின் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் தள்ளியே இருக்கும். அந்த ஜீப்புகளின் பின் ஆக்ஸிலில்கூட டிஃப்ரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கமாக இருப்பது அதனால்தான். என் பிக்கப்பின் பின் டிஃப்ரன்ஷியல் நட்டநடுவில் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு இந்த டிரான்ஸ்ஃபர் கேஸைப் போட்டால் ஷாஃப்ட் குறுக்காக ஓடும், அதிரும், குரோஸ் தின்னும். ஆக, நான் முன் ஆக்ஸில் ஒன்று வாங்குவதாக நினைத்துக்கொண்டு போன இடத்தில், பின் ஆக்ஸிலும் கியர்பாக்ஸும் சேர்ந்து வாங்க வேண்டிய கணக்கு வந்து நின்றது. மேஸ்திரி அதை இன்னும் எளிதாகச் சொன்னார்: "ஒரு ஜீப்ப முழுசா வாங்கி, ஒம்ம வண்டிக்க மேக்கட்ட எடுத்து அது மேல வெய்யும். அதுதான் சுளுவு."

இவ்வளவையும் சரிசெய்தாலும் மிச்சம் இருப்பவை சில்லறை விஷயங்கள் போலத் தோன்றி நாள்பட வதைப்பவை. முன் டிஃப்ரன்ஷியல் மேலே துள்ளும்போது எஞ்சினின் ஆயில் சம்பை இடிக்காமலிருக்க வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், ஸ்டியரிங் இணைப்புத் தண்டின் கோணமும் மாறும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஏறக்குறைய நூறு கிலோ எடை கூடும், அது ஏற்றும் சுமையிலிருந்துதான் கழியும். எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது வேறொன்று. இழுக்கிற முன்சக்கரத்தை, அதற்குள் இருக்கும் மூட்டு அனுமதிக்கிற அளவுக்கு மேல் திருப்ப முடியாது. ஆகவே வண்டி திரும்புவதற்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்ளும். எங்கள் பாதையின் மூன்றாவது வளைவில் இப்போதே ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திரும்புகிறேன். மாற்றிய பிறகு இரண்டுமுறை எடுக்க வேண்டியிருக்கும்; அதுவும் வழுக்கும் இடத்தில், ஒருபக்கம் பத்தடிப் பள்ளத்தை வைத்துக்கொண்டு.

ஆனாலும் ஆசை விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சரிவில் இறங்கும்போது அந்த ஏற்பாட்டுக்கு ஈடு கிடையாது. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு ஈரப் பாதையில் கீழே வருகையில், பின்சக்கரங்களை மட்டும் எஞ்சின் பிடித்து நிறுத்தினால் வண்டியின் வால் விலகப் பார்க்கும். கால் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு நேரே போகும். லோ கியரில் போட்டால் டானா 18 வகையில் எஞ்சினின் பிடி 2.46 மடங்காகி நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகும். பிரேக்கைத் தொடாமலே ஜீப் நத்தை போல இறங்கும். அந்த நிதானத்தை ஒருமுறை அனுபவித்தவர்களிடம் விகிதக் கணக்கெல்லாம் எடுபடாது. மேஸ்திரியின் மதிப்பீடு, சாமானும் கூலியும் சேர்த்து ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதையும் புரட்டிவிடலாம் என்ற நிலையில்தான் வீட்டுக்கு வந்தேன்.

தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இழுவையோடு வரும் பிக்கப்புகள் இருக்கின்றன. பொலேரோ கேம்பரிலும் பிக்கப்பிலும் அந்த வகை வந்திருக்கிறது. இசுஸு வி-கிராஸ் வேறு விலைக்காரர்களுக்கு. பழைய வண்டியை விற்று அதில் ஒன்றை வாங்குவதற்கான பணம் என்னிடம் இல்லை என்பதால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

சட்டத்தைப் பற்றி மேஸ்திரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பட்டறையில் நின்ற மற்றவர்கள் "யாரு அடியில குனிஞ்சு பாக்கப் போறா" என்றார்கள். குனிந்து பார்க்க ஆள் இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வயதைத் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது: நிறம் மாற்றுவது போன்ற சிறு மாற்றங்கள் வேறு, வண்டியின் அடிப்படை அமைப்பில் கைவைப்பது வேறு. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். என் வண்டியைப் பொறுத்தவரை, காலி எடை என்று ஆர்சியில் எழுதியிருக்கும் எண்ணே நூறு கிலோ கூடிப்போவதால் பொய்யாகிவிடும். அபராதத்தைக்கூட ஒருவர் கட்டித் தொலைக்கலாம். வாழை வெட்டும் நாலு பேரைப் பின்தட்டில் ஏற்றியிருக்கும்போது ஏதாவது நடந்து, மாற்றிய வண்டி என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கையை விரித்தால், அப்போது நான் யாரிடம் போய் நிற்பது? ஆளை ஏற்றுவதே தப்புதான் என்பது வேறு விஷயம். விளை வைத்திருப்பவர்கள் யாரும் அதைச் செய்யாமல் இல்லை.

என் மனத்தை மாற்றியது இந்தச் சட்டம்தான் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு நூறு பக்க நோட்டில் இருந்தது.

பால் வெட்டும் அண்ணனுக்குக் கூலி கொடுப்பதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதி வைப்பது அம்மையின் பழக்கம். வெட்டு நடந்தால் எத்தனை லிட்டர் பால், எத்தனை ஷீட். நடக்காவிட்டால் பென்சிலில் "மழை, வெட்டு இல்லை". வண்டி சிக்கிய நாட்களை நான் தனியாகக் குறிக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருந்தது, சேற்றில் கிடந்து கயிறு கட்டியவனுக்கு மறக்காது. போன ஜூன் தொடங்கி நவம்பர் வரை அப்படி பதினேழு நாட்கள். நோட்டை விரித்துவைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஜூனில் ஐந்து, ஜூலையில் மூன்று, ஆகஸ்டில் மூன்று, அக்டோபரில் நாலு, நவம்பரில் இரண்டு. அந்தப் பதினேழில் பதினொரு நாட்களுக்கு நேராக அம்மையின் பென்சில் எழுத்து: மழை, வெட்டு இல்லை.

யோசித்தால் இது வெட்கப்பட வேண்டிய அளவுக்கு எளிய விஷயம். பாதை கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்கிற காலையில் மரத்தில் கத்தி வைப்பதில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரமெல்லாம் வழியும். மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டிய மரங்களில் வெட்டலாம்; நாங்கள் ஒட்டியிருப்பது கீழ் விளையில் மட்டும். அப்படியானால் அந்தப் பதினொரு நாட்கள் நான் எதற்காக வண்டியை மேலே கொண்டுபோனேன்? பார்க்கப் போனேன். மழையில் ஓடை எப்படி ஓடுகிறது, மரம் விழுந்ததா, வாழைக்கு முட்டு நிற்கிறதா என்று பார்க்க. நடந்துபோனால் இருபது நிமிடம்.

அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னொண்ணும் சொல்லுகேன், தப்பா நெனக்காதேயும். மேல உள்ள மரத்துக்க பாலு நாப்பது லிட்டரு. அத நான் தோள்ல எடுத்துட்டு எறங்கிருவேன். நாப்பது லிட்டருக்கு எதுக்கு நாலு சக்கரம்?" என்றார். புதிதாக வெட்டுக்கு வந்த கன்றுகளையும் சேர்த்தால்கூட எழுபது லிட்டர் வரலாம். ஷீட் அடிக்கும் கொட்டகை கீழே, சாலை ஓரத்தில் இருக்கிறது. இரண்டு நடை. அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை.

மிச்சம் ஆறு நாட்கள். இரண்டு நாள் உரம் கொண்டுபோனது, ஒரு நாள் முட்டுக்கம்பு கொண்டுபோனது. மூன்று நாள், ஆகஸ்டில், குலை இறக்கியது. உரத்தையும் கம்பையும் நாலு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். குலையைத் தள்ளிப்போட முடியாது. ஓணத்துக்கு முந்திய இரண்டு வாரத்தில் ஏத்தனுக்குக் கேரளத்தில் இருக்கும் விலை, ஓணத்துக்கு மறுநாள் இருக்காது. எண்ணூறு குலை, பத்துக் கிலோ வீதம் வைத்தாலும் எட்டு டன். அதைத் தலையில் இறக்க முடியாது, ஆளும் கிடைக்காது. நான்கு சக்கர இழுவை எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது வருடத்தில் மூன்று நாள், நீட்டி வைத்தால் ஆறு நாள். மேலே தோட்டத்துக்குப் போகிற அதே ஜீப்பை ஒரு நாள் வாடகைக்கு அழைத்தால் ஆயிரத்து ஐந்நூறு கேட்பார்கள். ஆறு நாளைக்கு ஒன்பதாயிரம். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை ஒன்பதாயிரத்தால் வகுத்தால் இருபத்தொரு வருடம் வருகிறது. என் பிக்கப்புக்கு எஞ்சின் பத்து வருடம் ஓடும் என்று நம்பியவன் நான்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, கணக்கை முழுதாகவே பார்த்துவிடலாம் என்று வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப்போனேன். முழு வண்டியையும் ஒருமுறை, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஒருமுறை. மொத்தம் 1,620 கிலோ. முன்னால் 940, பின்னால் 680. கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிவந்து மூன்றாவது வளைவின் சரிவை அளந்தோம். நானும் அண்ணனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, குழாய்க்குள் நீர் அமைதியாகும் வரை மூச்சைப் பிடித்து நின்றோம். பன்னிரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் உயர்வு, அதாவது ஐந்துக்கு ஒன்று.

அந்தச் சரிவில் காலி வண்டியை மேலே தள்ளுவதற்கே ஏறக்குறைய 320 கிலோ இழுவை வேண்டும். நனைந்த வழுக்கு மண்ணில் டயரின் பிடிப்பு, அதன் மேல் அழுத்தும் எடையில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரங்கள் தரக்கூடியது, சரிவில் பின்னால் சாயும் எடையையும் சேர்த்தாலும், 225 கிலோவைத் தாண்டாது. ஆகவே ஏறாது, ஏறாததற்கு ஓட்டுநரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் இழுத்தால் 475 கிலோ கிடைக்கும், ஏறிவிடும். ஜீப் எங்களைத் தாண்டிப் போனது இதனால்தான். ஆனால் இந்தக் கணக்கில் எடையைத் தவிர இன்னொரு எண் இருக்கிறது என்பதை நான் அதுவரை கவனிக்கவில்லை. பிடிப்பு பத்தில் மூன்று என்பதை நாலாக்கினால், பின்தட்டில் ஐந்நூறு கிலோ ஏற்றிய இதே இருசக்கர வண்டி ஏறிவிடும். காலி வண்டி அப்போதும் ஏறாது. ஐந்தாக்கினால் காலி வண்டியும் ஏறிவிடும். கீறல் போட்ட கான்கிரீட் நனைந்திருந்தாலும் அந்த ஐந்தைத் தரும்.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பல் எண்ணியது போதும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பாதையை ஒரு மழையில் குடைபிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையையே ஓடையாக எடுத்துக்கொண்டு நூறு மீட்டர் ஓடிவந்து, வேகத்தோடு மூன்றாவது வளைவில் விழுகிறது. ஒக்கியில் மரங்கள் விழுவதற்கு முன்பு இந்த இடம் இவ்வளவு மோசம் இல்லை என்று அண்ணன் சொன்னார். நிழலும் சருகும் போய், விழுந்த மரங்களை இழுத்துப்போன யந்திரம் பாதையைக் குழியாக்கிவிட்டதும்தான் தண்ணீர் அந்த வழியைப் பிடித்தது என்பது அவர் கருத்து. எனக்கும் சரியாகவே பட்டது. வண்டியில் நாலு சக்கரம் இழுத்தாலும் தண்ணீர் இந்த வழியில்தான் வந்திருக்கும்; வருடத்துக்கு ஒரு சாண் மண்ணைக் கொண்டுபோய், நாலைந்து வருடத்தில் ஜீப்பையும் அங்கே நிறுத்தியிருக்கும்.

மாசி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். முதலில் வளைவுக்கு மேலே, முப்பதடிக்கு ஒன்றாக மூன்று குறுக்கு ஓடைகள். பாதையின் குறுக்கே சாய்வாக வெட்டி, கருங்கல் பாவி, தண்ணீரை விளைக்குள் இருக்கும் நீர்க்குழிகளுக்குத் திருப்பிவிட்டோம். பிறகு வளைவையும் அதை ஒட்டிய ஏற்றத்தையும் சேர்த்து நாற்பது மீட்டருக்கு, சக்கரம் ஓடும் இரண்டு தடங்களில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு கான்கிரீட். முழுப் பாதைக்கும் போட்டால் இரண்டு மடங்கு செலவு, தேவையும் இல்லை. நடுவில் புல் வளரட்டும் என்று விட்டோம். நாற்பத்தாறு மூட்டை சிமெண்ட், மணலும் ஜல்லியும் நம்முடைய பிக்கப்பிலேயே, காய்ந்த பாதையில், ஏழெட்டு நடையாக. கான்கிரீட் இறுகும் முன்பு கொத்தனார் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கப் போனார். அது போதாது என்று கம்பியை வளைத்து விரல் ஆழத்துக்குக் கீறல் போடச் சொன்னேன். அழகாக இல்லை என்று அவருக்கு வருத்தம். எல்லாம் சேர்ந்து எழுபத்தேழாயிரம் ஆனது.

வண்டிக்கும் கொஞ்சம் செய்தேன். பின்சக்கரங்களுக்கு ஆழமான பட்டை வெட்டு உள்ள டயர் இரண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்துப் பிடித்தபடி மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், சுழலும் சக்கரம் கொஞ்சம் தடைப்பட்டு, நிற்கிற சக்கரத்துக்கும் இழுவை போகும் என்று மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார்; காசு செலவில்லாத இந்த வித்தையை அவர் ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீரு ஆக்ஸிலுக்க வெலய அல்லவா கேட்டீரு" என்றார்.

இந்த ஜூனில் மழை வலுத்துப் பெய்தது. மூன்றாவது வளைவில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. அதற்கும் மேலே, கான்கிரீட் முடிந்த பிறகு வரும் சின்ன ஏற்றத்தில் இரண்டு நாள் நின்றது. ஒருநாள் ஹேண்ட்பிரேக் வித்தை காப்பாற்றியது, இன்னொரு நாள் அண்ணனும் நானும் தள்ளினோம். ஓணத்துக்கு முந்திய வாரத்தில் ஐந்து நாள் குலை இறக்கினோம். நாலு நாள் நம்முடைய பிக்கப். ஒருநாள் விடியற்காலையிலிருந்து கொட்டியதால் ஜீப்பை அழைத்தேன். முழுச் சுமையோடு அது லோ கியரில் கான்கிரீட் தடத்தின் மேல் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பழைய ஆசை ஒருமுறை தலைதூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. இறக்கத்தைப் பொறுத்தவரை இப்போதும் எனக்கு அந்த லீவர்தான் வேண்டும்.

போன வாரம் மேஸ்திரி போன் செய்தார். பலா மரத்தடியில் கிடந்த ஆக்ஸில் விற்றுப்போய்விட்டதாம். யாருக்கு என்றேன். பத்துகாணிக்காரர் ஒருவருக்கு, அவருடைய ஜீப்புக்கே என்றார். கிரவுன் பினியன் மாற்ற வேண்டியதில்லை, எட்டுக்கு முப்பத்தொன்பது பொருந்திவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் மேஸ்திரி என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே நடந்தேன். இரண்டாவது குறுக்கு ஓடையில் ரப்பர்ச் சருகு அடைத்திருக்கிறது, ஐப்பசியில் வரும் துலாமழைக்கு முன்பு வாரியாக வேண்டும்.